கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் நினைவக வேகத்தைப் பாருங்கள்

கணினி பொருத்திக் கொடுக்கும் தொழிலில் பெற்றோர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்பது, "கேம் விளையாடினால் திணறுகிறதாம், ஏதாவது ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுங்கள்" என்ற வேண்டுகோள். எந்தக் கார்டாக இருந்தாலும், கணினியிலேயே அமைந்து வரும் ஆன்போர்டு கிராபிக்ஸைவிட மேலானது என்ற நம்பிக்கையால் பலருடைய பணம் வீணாவதைப் பார்த்து வருகிறேன்.

2005இல் வந்த இன்டெல் 945ஜி போன்ற சிப்செட்டுகளில் (மதர்போர்டின் துணைச் சில்லுகளில்) கிராபிக்ஸ் உண்மையிலேயே மதர்போர்டில்தான் இருந்தது. 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் வந்தபோது அது பிராசஸரின் சில்லுக்குள்ளேயே சென்றுவிட்டது. இன்று மதர்போர்டில் இருப்பது மானிட்டரை இணைக்கும் போர்ட் மட்டுமே. அதனால்தான் ஐ5-12400எஃப் போல 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸரை வாங்கினால், தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

விளையாட்டின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகம். உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு என்று தனி நினைவகம் கிடையாது. பிராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டை இரு சேனல்களில் பொருத்தினால் 51.2 ஜிபி என்பதே அதன் உச்சம். தனக்கென்றே நினைவகம் கொண்ட தனிக் கார்டுகளிலோ, ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் ஜிடிடிஆர்5 நினைவக வகைக்கு நொடிக்கு 128 ஜிபியும், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகைக்கு 360 ஜிபியும் கிடைக்கின்றன. புதிய, கனமான விளையாட்டுகளில் இந்த இடைவெளியை எந்த செட்டிங்ஸ் மாற்றமும் நிரப்பாது.

ஆனால் இதே கணக்கு மலிவான கார்டுகளைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. டிடிஆர்3 நினைவகம் கொண்ட ஜிடி 710 கார்டுக்கு நொடிக்கு 14.4 ஜிபிதான். 2017இல் 48 ஜிபி வேகத்துடன் வந்த ஜிடி 1030, அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் 16.8 ஜிபிக்கு இறங்கி விற்பனைக்கு வந்தது. இது வாங்குபவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் '2 ஜிபி' என்பது கொள்ளளவே ஒழிய வேகம் அன்று. கிராபிக்ஸ் உள்ளமைந்த ஏஎம்டி பிராசஸரான ரைசன் 5 5600ஜி வைத்திருப்பவர் இத்தகைய கார்டை வாங்கினால், இருப்பதைவிடக் குறைந்ததற்குப் பணம் கொடுக்கிறார்.

ஆகவே 5600ஜி போன்ற பிராசஸர் உள்ள கணினி என்னிடம் வந்தால், முதலில் ரேம் ஒன்றா இரண்டா என்று திறந்து பார்க்கிறேன். ஒன்றுதான் என்றால் அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து, அது உரிய வேகத்தில் ஓடும்படி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அமைத்துக் கொடுக்கிறேன். வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேல் தேவைப்படுபவருக்கே கார்டு. அப்போதும் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் அதன் சுமையைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கிடைக்கும். 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060க்குத் தனி மின்கேபிள் தேவை. கார்டைப் பொருத்திய பின் மானிட்டர் கேபிளைக் கார்டின் போர்ட்டிலேயே செருகுங்கள். பழக்கத்தில் மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டு, புதிய கார்டு பழுது என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.