‘பால் பத்தல’ என்ற பேச்சும் சயான் பால் வங்கியும்

மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் பிள்ளை பெற்றவள் இருக்கும் தமிழ் வீட்டுக்குப் போனால், வாசலிலேயே பூண்டு வாசனை வரும். உள்ளே சுறாப்புட்டு. மூன்றாம் நாள் ஒரு பெரியம்மா வந்து, “பால் பத்தல போலயே, டப்பாப் பால் குடுத்துப் பாரு” என்பார். டப்பாப் பாலை விளம்பரம் செய்ய 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை போட்டுவிட்டது. பெரியம்மாவுக்கு ஏது தடை!

பிறந்த அன்று குழந்தையின் வயிறு மிகச் சிறியது. சில கரண்டி சீம்பாலே போதும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிகிறது. அதனால் இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் பால் பெருகுகிறது. அதற்குப் பிறகு கணக்கு வேறு. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை ஊற வைக்கிறது, ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை வெளியே பீய்ச்சுகிறது. வலியும் பயமும் ஆக்சிடோசினைத் தடுக்கும். மார்பில் பால் தேங்கினாலோ, ஊறுவதே குறையும். டப்பாப் பால் குடித்த பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும். அம்மாவுக்குப் பால் கட்டிக்கொள்ளும். அடுத்த நாள் குறைவாகவே ஊறும். பெரியம்மா சொன்னது அப்புறம்தான் பலிக்கிறது. பூண்டும் சுறாவும் நல்ல சாப்பாடு, ஆனால் காலியாகாத மார்பை அவை ஊற வைக்காது.

குறைமாதக் குழந்தைக்குச் சப்பவே தெம்பு இருக்காது. டப்பாப் பால் கொடுத்தால் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு கூடும். இதற்காகத்தான் தாராவிக்குப் பக்கத்திலேயே உள்ள சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் வங்கி அது. பால் மிஞ்சும் தாய்மார்கள் காசு வாங்காமல் தருகிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் போன்றவற்றுக்கு அவர்களின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். பலர் தந்த பாலைக் கலந்து, 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிர வைப்பார்கள். பிறகு சாம்பிள் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் அந்தப் பால் சாக்கடைக்கு. தேறிய பால் மைனஸ் 20 டிகிரியில் உறைகிறது.

கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்கலாம். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறையப் போய்விடும். 62.5 டிகிரியிலேயே கொஞ்சம் போகத்தான் செய்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் லிபேஸ் மொத்தமாகப் போய்விடும். அதனால்தான் பெற்றவளின் பாலுக்கு முதல் இடம், வங்கிப் பால் அது ஊறி வரும்வரைக்கும் கைமாற்று. அதற்குள் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையால் பீய்ச்சச் சொல்லித் தருவார். ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது, ராத்திரியிலும். புரோலாக்டின் அப்போதுதான் அதிகம். குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாலும் பால் கூடும்.

வீட்டிலும் இதே கணக்குதான். பெரியம்மா விடிகாலைக் குழாயடி வரிசையில் குடத்தோடு நின்றால், பிள்ளைக்காரி அந்த நேரம் பால் கொடுக்கலாம். பத்துகிறதா என்று தெரிய மார்பைப் பார்க்க வேண்டாம், கொடியில் காயும் குழந்தைத் துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு துணியாவது மூத்திரத்தில் நனைந்தால் பத்துகிறது. நனையாவிட்டாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாவிட்டாலோ, டப்பாவைத் திறக்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள்.