உறிஞ்சினால் ஏன் கீழே போகிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளுக்கு அஸ்திவாரம் போடுவதைப் பற்றி ஆராயும் ஆய்வகம் ஒன்றில், கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ‘சக்‌ஷன் பக்கெட்’ என்ற அஸ்திவாரத்தின் சின்ன மாதிரியை மணல் தொட்டியில் இறக்கிப் பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை. கவிழ்த்துப் போட்ட பெரிய இரும்பு வாளி அது. உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்பு வைத்து உறிஞ்சினால் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் அப்பா கேட்டாராம்: “உறிஞ்சுனா மேலதான வரும்? அது எப்புடித்தா கீழ போகும்?”

மகளால் பதில் சொல்ல முடியவில்லை. “நீங்களாவது சொல்லுங்க சார்” என்று முடித்திருந்தார். இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு வந்து நாளாயிற்று.

கடலில் எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் வழக்கமான வழி பைல் அடிப்பது. இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து அடித்து இறக்குவார்கள். வாளி அஸ்திவாரத்துக்குச் சம்மட்டி தேவையில்லை. அடி திறந்த, மேல் மூடிய உருளை ஒன்றைக் கிரேனில் கட்டிக் கடலடியில் வைத்தால், தன் எடையாலேயே கொஞ்சம் புதைந்து வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மூடியில் இருக்கும் குழாய் வழியே உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும்.

அப்பாவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இளநீரிலேயே இருக்கிறது. ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது நாம் இளநீரை இழுப்பதாக நினைக்கிறோம். நாம் செய்வதெல்லாம் வாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைப்பதுதான். வெளியே இருக்கும் காற்றுதான் இளநீரை மேலே தள்ளுகிறது. வாளியிலும் அதே கதை. பம்பு வாளியை இழுக்கவில்லை, உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே, மூடியின் மேல், கடல் தன் முழு அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கீழே தாங்கிப் பிடித்த அழுத்தம் குறைந்ததும் கடல் வாளியை மிதித்து இறக்குகிறது. 8 மீட்டர் விட்டமுள்ள வாளியின் மூடிப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு காற்றழுத்த அளவு வித்தியாசம் வந்தால், சதுர மீட்டருக்கு 10 டன் வீதம் 500 டன் பாரம் மூடியில் இறங்கும்.

ஆனால் இது பாதிதான். 500 டன்னை மேலே ஏற்றிவைத்தால்கூட, நெருக்கமாகப் படிந்த கடல் மணலில் இரும்பு விளிம்பு அத்தனை எளிதில் இறங்காது. உறிஞ்சி இறக்கும் வாளி மட்டும், அதே அளவு பாரத்தை வெறுமனே மேலே வைத்து அழுத்துவதைவிட வெகு சுலபமாக இறங்குகிறது. ஏன்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். இதற்கான விடையைத் தனுஷ்கோடிக்காரர்கள் தினமும் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். ஊற்று என்பார்கள். மழைநீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. சின்ன வயதில் அந்த ஊற்றில் நானும் கிண்ணத்தால் மொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு மடமடவென்று மொண்டால் பக்கத்தில் நிற்கும் பெரியம்மா அதட்டுவார்: “மெல்ல மோரு, மண்ணு கொதிக்குது பாரு.” உண்மையிலேயே கொதிக்கும். அடி மணல் குமிழ் குமிழாகப் பொங்கி, தண்ணீர் கலங்கி, அதுவரை கெட்டியாக இருந்த தரை கஞ்சி போல ஆகிவிடும். காலை வைத்தால் கணுக்கால் வரை போகும். மொள்ளுவதை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்தால் அதே மணல் மறுபடி கெட்டி.

மணல் கெட்டியாக இருப்பதற்கு அதில் பசை எதுவும் இல்லை. ஒரு மணியின் எடை கீழே உள்ள மணியை அழுத்துகிறது, அது அதற்குக் கீழே உள்ளதை. அந்த நெருக்கத்தால் வரும் உரசல்தான் மணலின் பலம் முழுவதும். ஊற்றில் நீர்மட்டத்தைச் சட்டென்று குறைத்தால், சுற்றியுள்ள தண்ணீர் மணிகளின் இடுக்குகள் வழியே கீழிருந்து மேலே ஓடி வருகிறது. வரும் வழியில் ஒவ்வொரு மணியையும் லேசாகத் தூக்குகிறது. தூக்கும் விசை மணியின் எடைக்குச் சமமானால் மணிகள் ஒன்றையொன்று அழுத்துவதை விட்டுவிடும். உரசல் போயிற்று, பலமும் போயிற்று. ஒரு கனமீட்டர் மணலின் எடை, நீருக்குள் இருக்கும்போது, ஏறத்தாழ ஒரு டன். ஒரு கனமீட்டர் நீரின் எடையும் ஒரு டன். அதனால் கணக்கு அழகாக அமைகிறது: ஒரு மீட்டர் தூரம் மணலுக்குள் மேலேறி வரும் நீர், ஒரு மீட்டர் நீர்மட்ட வித்தியாசத்தை இழந்தால் மணல் கொதிக்கும். மண்ணின் பலத்தை மணிகளுக்கு இடையிலான அழுத்தம்தான் தீர்மானிக்கிறது என்பதை 1920களில் கோட்பாடாக வடித்தவர் ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி. மண் பொறியியல் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது வாளிக்குள் போவோம். உள்ளே உறிஞ்சியதும், வெளியே உள்ள கடல்நீர் வாளியின் சுவரை ஒட்டி மணலுக்குள் கீழிறங்கி, விளிம்பைச் சுற்றித் திரும்பி, உட்புறம் மேலேறுகிறது. மேலேறும் பக்கம் மணல் தளர்கிறது. எந்த இடத்தில் இரும்பு விளிம்பு மணலைக் கிழித்துக்கொண்டு போக வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் தண்ணீர் முன்னாடியே போய் மணலை இளக்கி வைக்கிறது. பம்பை நிறுத்தியதும் ஓட்டம் நின்று, மணிகள் மறுபடி ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து வாளியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. கதவைத் திறந்து விருந்தாளியை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுவது போல. பல வருடம் இதைப் படித்தும், ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறையவில்லை.

பெரியம்மாவின் அதட்டல் இங்கேயும் செல்லும். பம்பை வேகமாக ஓட்டினால் உள்ளே மணல் முழுவதும் கொதித்துப் பொங்கி, தண்ணீர் வாளிக்குள் பாய வழி கிடைத்துவிடும். வாளி பாதியில் நிற்கும். ரொம்பவும் மெல்ல உறிஞ்சினாலோ விளிம்பு நகராது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் அந்த மாணவியின் இரண்டு மாத வேலை.

பயிற்சிக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி எடுங்கள். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செருகி எம்-சீல் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் கழுவிய மணல், மேலே தண்ணீர். காற்றெல்லாம் வெளியேறிப் பாட்டில் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும்படி, வெட்டிய பக்கத்தை மணலில் நான்கைந்து சென்டிமீட்டர் கையால் அழுத்துங்கள். குழாயின் மறுமுனையை வாயால் உறிஞ்சித் தண்ணீர் வரவைத்து, பாத்திரத்து நீர்மட்டத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கீழே பிடியுங்கள். அது கொடுக்கும் பாரம் 200 கிராம்தான். குறையும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பாட்டில் இறங்க இறங்கக் குழாயையும் மெதுவாகத் தாழ்த்துங்கள். பாட்டில் புதைந்திருக்கும் ஆழத்தைவிட நீர்மட்ட வித்தியாசம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே குழாயை ஒரே தடவையில் அரை மீட்டர் கீழே இறக்குங்கள். மணல் கொதிப்பதைப் பாட்டிலின் சுவர் வழியே பார்க்கலாம்.

ஐரோப்பாவின் வட கடலில் 1994இல் நிறுத்திய டிராப்னர் என்ற எரிவாயு மேடையின் கால்களில் பைல்களுக்குப் பதில் இந்த வாளிகள்தான். புது வகை அஸ்திவாரம் என்பதால் அதைக் கண்காணிக்க நிறையக் கருவிகளைப் பொருத்தினார்கள். 1995 ஜனவரி 1 அன்று 25.6 மீட்டர் உயர ராட்சத அலை ஒன்றை அவை பதிவு செய்தன. மாலுமிகள் காலங்காலமாகச் சொல்லி, பலர் நம்ப மறுத்த அலைக்கு அளவெடுத்த சாட்சி அப்படித்தான் கிடைத்தது. அஸ்திவாரம் அசையவில்லை. இன்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் கடலில் 11 காற்றாலைகள் இத்தகைய வாளிக் கால்களில் நிற்கின்றன.

நம் கடலுக்கு இது ஒத்துவருமா? தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்காக, 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடல் பசுக் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா. பைல் அடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் போய்க் கடல் பாலூட்டிகளை வதைக்கும். வாளி சத்தமில்லாமல் இறங்குகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தீவிரமாகப் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் நம் கரையோரம் பவளப்பாறையும் கெட்டிப்பட்ட மணற்கல்லும் குறுக்கே வரும். பாறையில் வாளி இறங்காது. சிப்பியும் பவளமும் நொறுங்கி உண்டான சுண்ணாம்பு மணலோ வேறு விதமாக ஏமாற்றும். மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்கு 1980களின் தொடக்கத்தில் பைல் அடித்தபோது, அப்படிப்பட்ட மண்ணில் அவை எதிர்பார்த்த எதிர்ப்பே இல்லாமல் இறங்கிப் போயின. மணிகள் நசுங்கிவிட்டால் உரசல் எங்கிருந்து வரும்?

காற்றின் வேகத்தை அளக்கக் கம்பம் நடச் செலவு செய்கிறோம். அதைப் போலவே மண்ணுக்கும் செலவு செய்ய வேண்டும். மணல் தொட்டிக்கும் அழுத்தம் அளக்கும் கருவிகளுக்கும் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் ஒரு முறை, “இதில் உடனடிப் பயன் இல்லை” என்று திரும்பி வந்தது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. கடலடியில் எந்த இடத்தில் பாறை, எங்கே சகதி என்று பரம்பரையாக அறிந்த மீனவர்களை முதலில் கேட்பதற்கோ செலவும் அதிகம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தைக் கட்டிய வருடங்களில், தூண் நிற்கக் கடல் பலி கேட்கிறது, பிள்ளை பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று எங்களை இருட்டினால் வெளியே விடமாட்டார்கள். அந்தப் பயம் பொய். தூணைத் தாங்குவது மண், அதன் பலம் மணிகளின் நெருக்கத்தில் இருக்கிறது. பாலம் கட்டும்போது உயிர் போனால் அது பாதுகாப்புக் கயிறும் தலைக்கவசமும் கொடுக்காததால் போனது. அதைப் பலி என்று சொல்லி யாரையும் தப்பவிடக் கூடாது.

அப்பாவிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். ‘மேலே வரும்’ என்று அவர் சொன்னதும் நடக்கும். காற்றாலையின் ஆயுள் முடிந்து வாளியை எடுக்க வேண்டிய நாளில், அதே குழாய் வழியே தண்ணீரை உள்ளே செலுத்துவார்கள். உள்ளே அழுத்தம் ஏறி, வாளி மெல்ல மெல்ல மண்ணை விட்டு மேலே வரும்.