அம்மோனைட்டு: கடாக்கொம்பில் பிறந்த சொல்

விடுமுறைக்கு லண்டனில் இருந்து வெள்ளவத்தைக்கு வந்த மருமகன், காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்த கல்லொன்றை மேசையில் வைத்தான். உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம். நடுவில் இருந்து சுருண்டு சுருண்டு விரிகிற வடிவம். குறுக்கே சீப்புப் பல் மாதிரி நெருக்கமான வரிகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது சாளக்கிராமமெல்லோ! எங்கையப்பு எடுத்தனீ?”

“கடற்கரையில, அம்மம்மா. இது அம்மோனைட்.”

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அம்மோனைட்டு என்பது எப்போதோ அற்றுப்போன கடல் உயிரொன்றின் சுருள் ஓடு, கல்லாகிக் கிடப்பது. பெயர்தான் ஒரு கடவுளுடையது. அம்மோன் எகிப்தியரின் கடவுள். செம்மறிக்கடாவின் சுருள் கொம்போடு காட்டப்படுபவர். முதலாம் நூற்றாண்டில் ரோமரான பிளினி, இப்படிச் சுருண்ட கல்லை ‘அம்மோனின் கொம்பு’ என்று எழுதிவைத்தார். அதோடு கல்வகைகளுக்குச் சேர்க்கும் ‘ஐட்’ விகுதியும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் கிராபைட்டில் இருப்பதும் அதே விகுதி. அமோனியாவும் இந்தக் கடவுளின் பெயரில் இருந்து வந்ததுதான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் நவச்சாரத்துக்கு மேற்கில் ‘அம்மோன் உப்பு’ என்று பெயர், அதன் வழியாக வந்தது.

சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றின் கருங்கல். நாம் சக்கரம் என்று கும்பிடும் சுருள் பெரும்பாலும் ஜுராசிக் கால அம்மோனைட்டு விட்டுப்போன தடம். இமயம் எழும்பு முன் அங்கே கடல் இருந்தது. ஜுராசிக் என்றால் சுமார் 20 கோடி முதல் 14½ கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலம்.

மருமகன் பொறுக்கியது இங்கிலாந்தின் டோர்செட் கரையில். மழையும் புயலும் குன்றைச் சரித்த பிறகு, கடல் வற்றும் நேரம் பார்த்துக் குனிந்து தேட வேண்டுமாம். குன்றையே சுத்தியலால் உடைக்கப் போனால் தலையில் விழும். கீழே கிடப்பதை எடுப்பதுதான் முறை. இலங்கையில் இந்த வேட்டைக்கு இடமில்லை. புத்தளம் பக்கம் தப்போவவில் ஜுராசிக் பாறை உண்டு, ஆனால் அதில் பதிந்திருப்பவை செடிகொடிகள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நத்தைக்கல்’, ‘சுருள்சங்கு’ என்றெல்லாம் சொல்லத் தோன்றும். இரண்டும் பிழை. நத்தையும் சங்கும் ஒரே கூட்டம்; அம்மோனைட்டோ கணவாய்க்குச் சொந்தம். ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும், உயிர் கடைசி அறையில் மட்டும் குடியிருக்கும். சங்கை உடைத்துப் பார்த்தால் அப்படித் தடுப்பு எதுவும் இராது. சாளக்கிராமம் என்றால் பூசைக் கல்லுக்கு மட்டும் பொருந்தும். என்னைக் கேட்டால் ‘அம்மோனைட்டு’ அப்படியே இருக்கட்டும், விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘கொம்புச்சுருள்’ என்று எழுதலாம். இப்படிக் கல்லில் தங்கிப்போன பழைய உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாகத் தமிழ்நாட்டார் புதைபடிவம் என்பார்கள். எனக்கு நம் பள்ளிப் புத்தகத்து ‘உயிர்ச்சுவடு’தான் பிடிக்கும். புதைந்ததைவிட வாழ்ந்தது அதில் தெரிகிறது.

கல் இப்போது சாமியறையில், பெருமாள் படத்தடியில் துளசியோடு இருக்கிறது. மருமகனுக்கு வெள்ளிக்கிழமை விமானம். கேட்கப் பயந்துகொண்டு திரிகிறான்.