பி.எஸ்.டபிள்யூ. சேரும் முன் களப்பணி நோட்டைப் பற்றிக் கேளுங்கள்

"அந்த அம்மா சோகமாக இருந்தார். நான் ஆறுதல் சொன்னேன்."

போன வருடம் என்னிடம் களப்பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டு பி.எஸ்.டபிள்யூ. (இளங்கலை சமூகப்பணிப் படிப்பு) மாணவி, தன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்த முதல் பதிவு இவ்வளவுதான். அவள் போய் வந்தது குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுபோன ஒரு பெண்பிள்ளையின் வீடு. மறுவாரம் அதே வீட்டுக்குத் திரும்ப அனுப்பினேன். "இந்தத் தடவை ஆறுதல் எதுவும் சொல்லாதே. அரை மணி நேரம் உட்கார். பார், கேள், வந்து எழுது" என்றேன்.

இரண்டாவது பதிவு நாலு பக்கம் வந்தது. அம்மாவின் மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும். பேசும்போதும் கை நிற்கவில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக்கொடுக்கிறாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கழுத்து வலி வந்ததிலிருந்து அம்மாவால் தனியாக அந்த ஆயிரத்தை முடிக்க முடியவில்லை. வீட்டில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் இல்லை. "ஏங்க்கா கார்டு எடுக்கல?" என்று இவள் கேட்டதற்கு, "யாரு போய் அலையறது கண்ணு, ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு" என்றிருக்கிறார்.

சோகம் என்று முதலில் எழுதிய இடத்தில் இப்போது செய்வதற்கு மூன்று வேலை தெரிந்தது: கழுத்து வலிக்கு வைத்தியம், அட்டை, பள்ளி. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை தருகிறது. அதைக் கேட்கப் போனால் அட்டை எங்கே என்பார்கள். 6 முதல் 14 வயது வரை பள்ளிப் படிப்பு சட்டப்படியான உரிமை என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போக ஐந்து மாதம் ஆனது. அதற்குள் என் மாணவி எத்தனை தடவை பஸ் ஏறினாள் என்று அவளுடைய நோட்டில் இருக்கிறது.

இந்த மே மாதம் காட்பாடியிலிருந்து ஒரு தகப்பனார் போன் செய்தார். "சேவை செய்ய மனசு போதாதா சார், அதுக்கு எதுக்கு மூணு வருஷம் படிப்பு?" என்று கேட்டார். மனசு அந்த மாணவிக்கு முதல் வாரமே இருந்தது என்று சொல்லி, மேலே எழுதியதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

மனசு மட்டும் இருந்தால் கெடுதலும் நடக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன், குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அன்பில்தான் போட்டான். ஆனால் பாதுகாப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அந்தப் படத்தைப் பார்த்து, யாரிடமிருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்களோ அவரே இல்லத்தின் வாசலுக்கு வந்துவிட முடியும். அவனைக் களத்துக்கு அனுப்பும் முன் இதை யாரும் சொல்லித்தரவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

இந்தப் படிப்புக்கு நம் வேலூர் மாவட்டமும் அதன் அக்கம்பக்கமும் நல்ல இடம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் ருஷா என்ற கிராமநலப் பிரிவு 1977 முதல் கிராம மக்களோடு வேலை செய்துவருகிறது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றி உள்ளவர்களைக் கேளுங்கள், நோய் குணமான பிறகும் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் நின்றவர்களின் கதையைச் சொல்வார்கள். மருந்து முடிந்த இடத்தில் தொடங்கும் வேலை அது. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழில். அணைக்கட்டு தாண்டி மேலே போனால் பீஞ்சமந்தை மலை.

பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிநபரோடு, குழுவோடு, ஊரோடு வேலை செய்யும் முறைகள், கொஞ்சம் உளவியல், சமூகவியல், சட்டம். பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் படிக்கலாம். படிப்பின் உயிர் களப்பணியில் இருக்கிறது. அதனால் கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றிடம் தனியாக, "உன் நோட்டை யாரும்மா படிச்சுத் திருத்துறாங்க?" என்று கேளுங்கள். கையெழுத்து மட்டும் போடுகிறார்கள் என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

இரண்டு விஷயம் பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு. குழந்தைகள் பாதுகாப்பு போன்ற துறைகளில் ஒப்பந்த வேலைகளே அதிகம். இன்னொன்று, மனநலத் துறையில் சமூகப்பணியாளராக வேண்டும் என்று சில பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு முதுகலைப் பட்டமும் எம்.ஃபில்.லும் கேட்கிறது. இளங்கலையோடு அது கிடைக்காது. சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு வேறு பட்டம் படித்தவர்களும் வரலாம், ஆனால் மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளை அந்த வகுப்பில் தனியாகத் தெரியும்.

காட்பாடித் தகப்பனார் மகளோடு இரண்டு கல்லூரிக்குப் போய்வந்தார். ஒன்றில், நோட்டை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியே புரியவில்லையாம். இன்னொன்றில் ஒரு மூன்றாம் ஆண்டுப் பெண் சிரித்துவிட்டு, "ஒரே பதிவை மூணு தடவை எழுத வெச்சாங்க அங்கிள்" என்றாளாம். மகளை அங்கேதான் சேர்த்திருக்கிறார்.