சட்டம் வந்துவிட்டது, பணம்?

பார்க்கின்சன் நோய் ஒழிப்புக்கான தேசியத் திட்டச் சட்டம் அமெரிக்காவில் 2024 ஜூலை 2 அன்று கையெழுத்தானது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 407, எதிர்ப்பு 9. செனட்டில் மறுப்பே இல்லை. இனி ஆராய்ச்சிக்குப் பணம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கென்று ஒரு டாலர்கூட ஒதுக்கப்படவில்லை. தேசியத் திட்டம் வகுக்க வேண்டும், நோயாளிகளும் பராமரிப்பவர்களும் இடம்பெறும் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும், ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும். அது சொல்வது இவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக நிறைவேறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

வாஷிங்டனில் செலவுக்கு அனுமதி தருவது ஒரு சட்டம், பணத்தை ஒதுக்குவது வேறொரு சட்டம். 1997இல் வந்த மோரிஸ் யூடால் சட்டம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கு 1998 நிதியாண்டில் 100 மில்லியன் டாலர் வரை செலவிட அனுமதித்தது. அனுமதி கைக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், 1999 செப்டம்பரில், பார்க்கின்சன் நோயாளியான ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் செனட் ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் முன் போய் பணம் கேட்க வேண்டியிருந்தது. மாத்திரை வேலை செய்யும்போது நோய் வெளியே தெரியாது என்பதால், அன்று வேண்டுமென்றே மாத்திரை போடாமல் போனார். நோயாளிகள் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் திட்டத்துக்கும் இதே கதைதான்: 2016 டிசம்பரில் சட்டம் வந்தது, முதல் 5 மில்லியன் டாலர் 2019 நிதியாண்டில்தான் கிடைத்தது.

ஆகவே ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமென்றால் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். அதற்கு நாட்காட்டி முக்கியம். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. ஆனால் உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளை ஒதுக்கீட்டுக் குழுவிடம் தருவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். உலகப் பார்க்கின்சன் நாள் ஏப்ரல் 11 என்பதால் அன்று கூட்டமாகக் கிளம்பிப் போனால், பல அலுவலகங்களில் கெடு முடிந்திருக்கும். பிப்ரவரியிலேயே சந்திப்புக்கு நேரம் கேளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும், கணக்கெடுப்பை நடத்தும் சி.டி.சி. எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையங்களுக்கும் பணம் தருவது தொழிலாளர், சுகாதாரம், கல்வித் துணைக்குழு. ராணுவம் வழியாக நடக்கும் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குப் பணம் பாதுகாப்புத் துணைக்குழுவிடமிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பினால் இரண்டு பக்கமும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்திப்பில் எதிரே உட்காருவது பெரும்பாலும் உறுப்பினர் அல்ல. சுகாதாரம் பார்க்கும் இளம் உதவியாளர். கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடம். அவர் முதலில் கேட்பது அஞ்சல் குறியீட்டு எண், அதாவது நீங்கள் அந்தத் தொகுதியில் வசிப்பவரா என்பது. எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்களும் தாராளமாகப் போய்ப் பேசலாம். தேர்தல் நன்கொடைதான் கூடாது. அதற்குக் குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும். நோய்க் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: இந்தத் திட்டத்துக்கு, இந்த நிதியாண்டில், இவ்வளவு டாலர். "ஆராய்ச்சிக்கு ஆதரவு தாருங்கள்" என்றால் "நிச்சயமாக" என்பார், அதோடு முடிந்தது. ஒரே பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 60,000 பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது என்ற பழைய கணக்கை 2022இல் வந்த ஆய்வு ஏறத்தாழ 90,000 ஆக உயர்த்தியது. தாளில் புதிய எண்ணைப் போடுங்கள்.

நோயாளியே பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. குரல் அடங்கி, முகத்தில் உணர்ச்சி காட்டும் தசைகள் இறுகியிருக்கும். பழக்கமில்லாதவருக்கு அது அக்கறையின்மையாகவோ கோபமாகவோ படும். உடன் வருபவர் தொடக்கத்திலேயே அதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. லெவோடோபா மருந்தின் வேளைக்கு ஏற்ப சந்திப்பு நேரத்தைக் கேளுங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடைவழி எல்லாம் இருக்கும். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபாக்ஸ் செய்தார் என்பதற்காக யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். உடல் விறைத்து, விழுந்து அடிபடும் ஆபத்து இருக்கிறது.

"எங்களுடையது தொண்டு நிறுவனம், நாங்கள் இப்படிக் கேட்கக் கூடாது" என்பது அடிக்கடி காதில் விழும் தவறான எண்ணம். அமெரிக்கச் சட்டப்படி வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்களும் ஒரு வரம்புக்குள் கேட்கலாம். 5768 என்ற படிவத்தைத் தாக்கல் செய்தால், ஆண்டுச் செலவின் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம் வரை இதற்குச் செலவிட அனுமதி உண்டு. வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரம் செய்வது மட்டும் அறவே கூடாது.

இதெல்லாம் பலன் தருமா என்றால், அல்சைமர் நோய்க்காக 2011இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். அதிலும் பணம் இல்லை. ஆனால் அதன் ஆலோசனைக் குழுவும் நோயாளிக் குடும்பங்களும் ஆண்டு தவறாமல் ஒதுக்கீட்டுக் குழுவை நச்சரித்தார்கள். என்.ஐ.எச். செலவு 500 மில்லியன் டாலருக்குக் கீழே இருந்து 3.5 பில்லியனுக்கு மேல் போனது.

சந்திப்பு முடிந்த மறுநாளே உதவியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோடையில் துணைக்குழு அறிக்கை வெளிவந்ததும் "பார்க்கின்சன்" என்று தேடிப் பாருங்கள். "குழு ஊக்குவிக்கிறது" என்று மட்டும் இருந்தால் பெரிதாக மகிழ வேண்டாம். அதன்படி பணம் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொகை இருக்கிறதா என்று பாருங்கள். பிரதிநிதிகள் சபை மசோதாவில் இல்லாவிட்டால், உங்கள் மாநில செனட்டர்களின் அலுவலகத்துக்கு அன்றே எழுதுங்கள். இரு அவைகளின் மசோதாக்களும் ஒன்றாக்கப்படும் வரை எண்ணை மாற்ற வாய்ப்பு உண்டு.