மூத்திரக் கல்ச்சரில் ‘இஎஸ்பிஎல் பாசிட்டிவ்’ என்று வந்தால்

நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் போட்டும் எரிச்சல் அடங்கவில்லையா? கம்பெனியைக் குறை சொல்ல வேண்டாம். குடலிலிருந்து மூத்திரப்பைக்கு ஏறிய ஈ.கோலை என்ற கிருமி, அந்த மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரந்துகொண்டிருக்கலாம். அந்த வகை நொதிதான் இஎஸ்பிஎல்; மூத்திரத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை அதைக் காட்டும். செஃபிக்ஸிம் 2014 முதல் டாக்டர் சீட்டு கட்டாயமான எச்1 பட்டியலில் இருக்கிறது; சீட்டில்லாமல் விற்பதே தவறு.

இந்த நொதிகளும் ஆள் மாறிக்கொண்டே வருகின்றன. 1980களில் டெம், எஸ்ஹெச்வி வகைகள்; பெரும்பாலும் ஆஸ்பத்திரி வார்டோடு நின்றன. 2000க்குப் பின் சிடிஎக்ஸ்-எம் வகை அவற்றை ஓரங்கட்டி, ஈ.கோலை வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. அதில் 15ஆம் எண் வகை முதலில் இனங்காணப்பட்டது இந்திய மாதிரிகளில்தான். இந்தக் கிருமிகளுக்கென மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஊசி அதிகம் புழங்கவே, அதையும் உடைக்கிற என்டிஎம், ஆக்ஸா-48 வகைகள் தலையெடுத்தன. இவற்றின் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற வளையங்களில் ஏறி, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதே வளையத்தில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே பயணிப்பது வழக்கம். இப்படிப்பட்ட கிருமி எந்த நோவும் இல்லாதவர் குடலிலும் மாதக்கணக்கில் தங்கும். அதற்கு மருந்து தேவையில்லை.

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரைக் குறைத்து, மூத்திரத்தை அடக்குவதுண்டு. கோடையில் குடத்துக்குக் காசு கொடுக்கும் வீடுகளிலும் குடிப்பது குறையும். கடுப்பு திரும்பத் திரும்ப வர இது போதும். ஒவ்வொரு முறையும் அரைகுறையாக மாத்திரை போட்டால் குடலில் மிஞ்சுவது எதிர்ப்புள்ள கிருமிதான்.

முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு மூத்திர மாதிரி கொடுங்கள். மூத்திரம் வரும் இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை 10 முதல் 20 மி.லி. பிடிக்க வேண்டும். லேப் தரும் மூடிபோட்ட டப்பா மட்டுமே. வீட்டு பாட்டில் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரை வெயிலில் பஸ்ஸில் வந்தால் சில கிருமிகள் பல மடங்கு பெருகி, இல்லாத நோயைக் காட்டும். தாமதமாகுமென்றால் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, 24 மணி நேரம் வரை வைக்கலாம். ரிப்போர்ட்டில் பல கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் மாதிரிதான் கெட்டிருக்கிறது, மறுபடி எடுங்கள்.

இஎஸ்பிஎல் என்றதும் ஊசிதான் என்று பதற வேண்டாம். மூத்திரப்பையோடு நிற்கும் தொற்றுக்கு வாயால் சாப்பிடும் நைட்ரோஃபுரன்டாயினோ, ஒரே வேளை 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசினோ பெரும்பாலும் இன்னும் வேலை செய்கிறது. எது என்பதை ரிப்போர்ட் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. ஆகவே குளிர்காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது. மாதிரியைக் கொடுத்துவிட்டு முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.