செத்த தேனீ எங்கே?

கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், தேனீ குறைந்ததற்குத் தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து காரணமாக இருக்குமோ என்று பேச்சு வந்தால், "தேனீப் பெட்டி முன்னால ஒண்ணுகூடச் செத்துக் கிடக்கலையே" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய பூச்சிமருந்துகள் பலவற்றில் தேனீ பெட்டி வாசலில் சாவதில்லை. வீடு திரும்பாமல் போகிறது.

இமிடாகுளோபிரிட், தையாமீதாக்சாம் போன்றவை நிகோட்டினைப் போல வேலை செய்பவை. ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கடத்துவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். கடத்தி முடித்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், நரம்பு அடங்கும். மருந்தும் அசிட்டைல்கோலின் ஒட்டும் அதே இடத்தில்தான் போய் ஒட்டுகிறது, ஆனால் அதை நொதியால் சிதைக்க முடியாது. அளவு கூடினால் தேனீ துடித்துச் சாகும். குறைவாக இருந்தால் உயிர் தங்கும், வழியும் மணமும் நினைவில் நிற்பதுதான் குலையும். 2012இல் பிரான்சில் தேனீக்களின் முதுகில் குட்டி ரேடியோ வில்லைகளை ஒட்டி, சாகாத அளவு தையாமீதாக்சாம் கொடுத்து வெளியே விட்டார்கள். மருந்து உண்ணாதவற்றைவிட இவற்றில் கூடுதலானவை கூடு சேரவில்லை.

இரை தேடப் போனவை குறைந்தால், உள்ளே புழுக்களுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் இளந்தேனீக்கள் வயதுக்கு முன்பே கிளம்பும். அவை சீக்கிரம் சாகும். அப்புறம் புழுக்களைக் கவனிக்க ஆள் ஏது?

இதோடு பூஞ்சைக்கொல்லியும் சேரும். நஞ்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் தேனீக்கு மற்றப் பல பூச்சிகளைவிடக் குறைவு. 2006இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது தெரிந்தது இது. காப்பியில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய்க்கு அடிக்கும் புரோபிகோனசோல் வகை, இருக்கிற அந்தக் கொஞ்ச நொதிகளையும் முடக்கும். தனியாக அடித்தால் பெரிய சேதம் தெரியாது. லாம்டா சைஹாலோத்ரின் போன்ற பூச்சிமருந்தோடு சேர்ந்தால் அதன் வீரியம் பல மடங்கு ஏறும். கூலி மிச்சம் என்று ஒரே டேங்கில் கலந்து அடிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

நோயும் சும்மா இருக்காது. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ், தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீக்களைப் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. அது மருந்தால் வந்ததல்ல. ஆனால் இமிடாகுளோபிரிட் வகையைச் சேர்ந்த குளோத்தியானிடின் தேனீயின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, உடலில் பதுங்கியிருக்கும் சிறகுச் சிதைவு வைரஸைப் பெருக விடுவதை 2013இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பூக்காத நேரத்தில், பொழுது சாய்ந்து அடியுங்கள் என்பது வழக்கமான யோசனை. காப்பிக்குச் சரி, அது மொட்டை மலரவைக்கும் கோடைமழையான பூமழைக்குப் பின் சில நாள் பூத்து ஓயும். சௌசௌ பந்தலோ மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்பதால் தேனீ இல்லாமல் காயும் பிடிக்காது. செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் தங்கும் மருந்தை மாலையில் அடித்தாலும், மறுநாள் காலை பூவில் அது இருக்கும்.